வென்ற மாடும் வளர்த்த கையும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே அறுவடை ஓய்ந்து, வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் கோடை நாள்களிலே, ஊர் மக்கள் திரள்திரளாகச் சவாரித் திடலை நோக்கிச் செல்வதைக் காணலாம். கிளிநொச்சியாயினும், முல்லைத்தீவாயினும், வவுனியாவாயினும் அந்தக் காட்சி ஒன்றே. சோடி மாடுகள் பூட்டிய இலேசான வண்டில்கள் ஒன்றையொன்று முந்திப் பறக்கின்றன. புழுதி எழுந்து அடங்குவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. வென்ற மாடுகளின் கழுத்தில் மாலை விழுகிறது. மாட்டுக்குரியவர் கையில் பணமோ, தங்க நாணயமோ, வெற்றிக் கிண்ணமோ சேர்கிறது. சாரதியின் பெயரை ஒலிபெருக்கி ஊரெங்கும் அறிவிக்கிறது.

ஆனால் அந்த மாடு எந்தப் பட்டியிலே பிறந்தது? அதனை ஈன்ற பசு எது? மழைக்காலத்துச் சேற்றிலே கன்று நனையாமற் காத்தவர் யார்? இவற்றை ஒருவரும் கேட்பதில்லை. காட்டோரத்திலே பட்டி அமைத்து மாடு வளர்க்கும் எளிய குடியானவர் ஒருவர், கைமுடை காரணமாக ஒரு நாம்பன் கன்றை விற்றுவிடுகிறார். அது கை மாறிக் கை மாறிச் சவாரிக்காரரிடம் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்தின் போதும் அதன் விலை ஏறுகிறது. அது புகழ்பெற்ற மாடாகித் திடலை வெல்லும் நாளில், அதனைப் பிறப்பித்து வளர்த்தவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைதட்டுகிறார். அவருக்குரிய பங்கு அவ்வளவே.

இது நீதியா என்பது ஒரு வினா. இவ்வாறே நடந்துவந்தால் நல்ல மாட்டினம் எத்தனை காலம் நிலைக்கும் என்பது மற்றொரு வினா. இரண்டாம் வினாவே பெரிது. இதற்கு விடைகாண முயன்றவர்கள் உலகில் உண்டு. அவர்கள் மாட்டுச் சவாரிக்காரர் அல்லர், குதிரைப் பந்தயக்காரர். பந்தயக் குதிரையை வளர்ப்போருக்குப் பல நாடுகள் ஊக்கப் பணம் வழங்குகின்றன. அந்த ஏற்பாட்டின் நன்மை தீமைகளை ஆராய்ந்தால், வன்னி மாட்டுக்கும் ஒரு வழி புலப்படும்.

தமிழ் நாட்டவருக்குக் குதிரை பெரும்பாலும் விலைக்கு வாங்கிய செல்வமாகவே இருந்துவந்தது. கடல்வழியே குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையிலே கோயிற் பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகர் கதையை அறியாத தமிழர் இலர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், பராமரிப்பு அறியாமையால் அவற்றிற் பெரும்பாலானவை மாண்டதையும் வியப்போடு எழுதிவைத்துள்ளார். வாங்குவதற்குப் பொன் இருந்தது. வளர்ப்பதற்கு அறிவும் ஏற்பாடும் இல்லை. ஆண்டுதோறும் பொன் கடல் கடந்து போயிற்று. இனம் மட்டும் இங்கே வேரூன்றவில்லை.

வன்னிக் கரையோரத்திலும் ஒருகாலம் குதிரை வளர்ந்தது என்பதைப் பலர் அறியார். இன்று கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவைச் சேர்ந்த இரணைதீவை ஒல்லாந்தர் ‘இரு சகோதரர்’ என்று அழைத்தனர். அத்தீவிலும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நெடுந்தீவிலும் அவர்களுடைய கம்பெனி குதிரைகளை வளர்த்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்திருப்பதால் வேலி வேண்டியதில்லை, புல் இருந்தது. அந்தக் குதிரை வளர்ப்பைப் பிரித்தானியரும் சிறிது காலம் தொடர்ந்தனர். பின்னர் அது கைவிடப்பட்டது. நெடுந்தீவிலே அக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டற்றுத் திரிகின்றன. இரணைதீவிலோ அத்தொழிலின் பெயரும் மறந்துபோயிற்று.

இதிலே கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. குதிரையும் கம்பெனிக்குரியது, அதனால் வந்த ஊதியமும் கம்பெனிக்குரியது. தீவு மக்களுக்கு அதில் உடைமையும் இல்லை, பங்கும் இல்லை. ஆதலின் ஆட்சியாளர் கைவிட்டதும் தொழிலும் அழிந்தது. வளர்ப்பவர் கையிலே ஒரு பங்கு இருந்தாலன்றி, எந்த வளர்ப்புத் தொழிலும் ஓர் ஊரிலே வேரூன்றாது.

பின்னைய காலத்திலே கொழும்பிற் குதிரைப் பந்தயம் பெருஞ்சிறப்போடு நடைபெற்றது. 1893இல் கறுவாத்தோட்டத்திலே பந்தயத் திடல் திறக்கப்பட்டது. அங்கே ஓடிய குதிரைகளிற் பெரும்பாலானவை வெளிநாட்டிற் பிறந்தவை. நுவரெலியாவிலே சித்திரைப் பருவத்தில் இன்றும் பந்தயம் நடைபெறுகிறது. அங்கு ஓடுவனவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படுபவையே. எனவே வளர்ப்போருக்கு ஊக்கமளிக்கும் பேச்சுக்கு இலங்கையிலே இடம் குறைவாயிற்று.

குதிரையை வளர்க்கும் நாடுகள் எவ்வாறு செய்தன? முதலில் அவை ஓர் ஏட்டைத் திறந்தன. இங்கிலாந்திலே 1791ஆம் ஆண்டிற் குதிரைகளின் வம்சாவளி ஏடு முதன்முதலாக வெளிவந்தது. இன்று உலகெங்கும் ஓடும் உயர்சாதிப் பந்தயக் குதிரைகளின் தந்தை வழி, கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மூன்று ஆண் குதிரைகளிற் சென்று முடிகிறது. இதனைத் துணிந்து கூறமுடிவது அந்த ஏட்டினாலேயாம். எந்தக் குதிரை, எந்தத் தாய்க்கு, எவருடைய இலாயத்திலே பிறந்தது என்பது எழுத்திலே நின்றுவிட்டது. எழுத்திலே நின்ற பின்னரே, பிறப்பித்தவருக்குரிய பங்கைப் பற்றிப் பேச இடமுண்டாயிற்று.

அதன் பின்னர் இருவகை ஊக்கங்கள் தோன்றின. ஒன்று, உள்ளூரிற் பிறந்த விலங்குகளுக்கெனத் தனிப் பந்தயம் ஒதுக்குவது. 1943இல் மும்பாயிலே தொடங்கிய இந்திய டேர்பி, இந்தியாவிற் பிறந்த குதிரைகளுக்கே உரியது. வெளிநாட்டுக் குதிரையோடு போட்டியிட்டுத் தோற்கும் நிலை நீங்கவே, உள்நாட்டிலே குட்டி வளர்ப்போருக்கு நம்பிக்கை பிறந்தது.

மற்றொன்று, வெற்றிப் பணத்தோடு வளர்ப்பாளருக்கு ஒரு தொகை சேர்ப்பது. பிரான்சு தேசத்திலே இவ்வழக்கம் நன்கு வேரூன்றியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலே மாநிலந்தோறும் இதற்கென நிதியங்கள் உள்ளன. நியூயோர்க் மாநிலத்து நிதியம் 1973ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கென்டக்கி மாநிலம் 2005ஆம் ஆண்டிற் செய்த ஏற்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. பெண் குதிரையைப் பொலியச் செய்வதற்கு ஆண் குதிரைக்காரர் பெறும் கட்டணத்தின் மீது அரசாங்கம் நூற்றுக்கு ஆறு வீதம் விற்பனை வரி அறவிடுகிறது. அவ்வரி பொதுத் திறைசேரியிற் கலவாமல் ஒரு நிதியத்திற் சேர்கிறது. அந்நிதியத்தின் பெரும் பகுதி, பந்தயம் வென்ற உயர்சாதிக் குதிரைகளைப் பிறப்பித்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பெண் குதிரை கருவுற்றது முதல் ஈனும் வரை அம்மாநிலத்திலேயே தங்கியிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. குதிரை எத்தனை பேரிடம் விலைப்பட்டிருந்தாலும், அது வெல்லும்போது பிறப்பித்தவர் பங்கு அவரைத் தேடி வரும்.

இங்கே மூன்று நுட்பங்கள் உள. தொழிலிற் பிறந்த பணமே தொழிலுக்குத் திரும்புகிறது. பணம் எண்ணிக்கைக்கன்றித் தரத்துக்கே கிடைக்கிறது. தாய் விலங்கு அந்த மண்ணிலே தங்கினாலன்றிப் பணம் கிடைப்பதில்லை.

எல்லா ஊக்கமும் நல்லதன்று என்பதற்கும் சான்றுண்டு. அயர்லாந்து 1969ஆம் ஆண்டிலே, பொலி குதிரைகளால் வரும் வருமானத்துக்கு வரிவிலக்கு அளித்தது. அந்நாட்டுக் குதிரை வளர்ப்பு உலகப் புகழ் எய்தியது உண்மையே. ஆயினும் சலுகையின் பெரும்பயன் விலையுயர்ந்த ஆண் குதிரைகளை வைத்திருந்த பெருஞ்செல்வருக்கே சென்றது என்ற குறை எழுந்தது. 2008ஆம் ஆண்டில் அவ்விலக்கு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டிலே பொருளாதார நெருக்கடி வந்தபோது, அளவுக்கு மிஞ்சிப் பிறந்த குட்டிகள் விலைபோகாமற் கிடந்தன. ஆண் விலங்குக்காரருக்கு அள்ளிக்கொடுப்பதும், தரம் பாராது எண்ணிக்கையைப் பெருக்குவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அயர்லாந்து காட்டிற்று.

இவற்றை மனத்திற் கொண்டு வன்னிக்குத் திரும்புவோம். தமிழிலே மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. வன்னியிலே அப்பொருள் நெடுங்காலம் மெய்யாகவே நின்றது. பட்டி பட்டியாக மாடுகள். ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி. குறி சுட்ட மாடு காட்டிலே எங்கு திரிந்தாலும் இன்னாருடையது என்று ஊர் அறியும். உழுவதும் மாடு, சூடு மிதிப்பதும் மாடு, வண்டில் இழுப்பதும் மாடு. ஆதலால் நாம்பன் கன்று பிறந்தாலும் வீட்டிலே மகிழ்ச்சியே.

உழவு இயந்திரம் வந்தது. நாம்பனுடைய தொழில் போயிற்று. பாலை நோக்கிய வளர்ச்சித் திட்டங்கள் வந்தன. யேர்சி, பிரிசியன், சாகிவால் முதலிய இனங்களோடு கலப்புச் செய்யப்பட்டது. பால் பெருகியது நன்மையே. குழந்தைகளுக்குப் பாலும் தாய்மார்க்குக் கைப்பணமும் அதனாற் கிடைத்தன. ஆனால் நாம்பன் கன்று வீட்டுக்குப் பாரமாயிற்று. இவற்றுக்கு மேலே யுத்தம் வந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்த மக்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடினர். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த பட்டிகள் சிதறின. மீள்குடியேறியோர் மறுபடியும் ஒன்றிரண்டு பசுக்களிலிருந்து தொடங்கவேண்டியவராயினர். கணவரை இழந்து, ஒரு பசுவை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்களும் அவருட் பலர்.

இந்நிலையிலே நாட்டு நாம்பனுக்கு எஞ்சியிருக்கும் மதிப்பான தொழில் சவாரி ஒன்றே. சவாரி இல்லையாயின் அதற்கு இறைச்சிக் கடையே கதி. தமிழ்நாட்டிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தபோது, விளையாட்டுப் போனாற் காளையும் போகும் என்று வளர்ப்போர் முறையிட்டனர். 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் சென்னைக் கடற்கரையிலே இளைஞர் திரண்டு கிளர்ச்சி செய்தனர். தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு அச்சட்டத்தை ஏற்றது. காங்கேயம், புலிக்குளம், உம்பளாச்சேரி என்னும் இனப்பெயர்களை நகரத்து இளைஞரும் அறிந்தது அக்கிளர்ச்சியின் பின்னரே.

ஆனால் விளையாட்டு நடந்தால் மட்டும் இனம் வாழ்ந்துவிடுமா? அன்று. இங்கே நுணுகி நோக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. வேகமான நாம்பனை நலமடித்துவிட்டால் அதன் வேகம் அதனோடே முடிந்துவிடும். அதற்குச் சந்ததி இல்லை. அந்த இரத்தம் எங்கே நிற்கிறது என்றால், அதனை ஈன்ற பசுவிடத்தும், அதன் உடன்பிறந்த கிடாரிகளிடத்துமே நிற்கிறது. தாயைத் தண்ணீர்த் துறையிற் பார்த்தாற் பிள்ளையை வீட்டிற் பார்க்கவேண்டியதில்லை என்பது முன்னோர் மொழி. திடலை வென்ற மாட்டைச் சவாரிக்காரர் பிண்ணாக்கும் தவிடும் பயறும் ஊட்டிப் போற்றுகிறார். அதன் தாயோ எங்கோ ஒரு காட்டோரப் பட்டியிலே, பால் குறைவென்று விற்கப்படும் நாளை எதிர்நோக்கி நிற்கிறது. பசுவுக்குரியவருக்கு அதன் மகனுடைய வெற்றியே தெரியாது. தெரிந்தாலும் அதனால் அவருக்கு ஒரு சதமும் வருவதில்லை. பிறகு எதற்காக அவர் அப்பசுவை வைத்திருக்க வேண்டும்?

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவது, பதிவு. இதற்கு அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும் மாட்டின் உரிமைச் சீட்டையும் பற்றி விதிக்கிறது. கால்நடைத் திணைக்களம் காதிலே இலக்கத் தகடு இடுகிறது. அந்த இலக்கத்தோடு தாயின் இலக்கம், பொலி நாம்பனின் விவரம், பிறந்த ஊர், வளர்த்தவர் பெயர் ஆகிய நான்கையும் ஓர் ஏட்டிலே சேர்த்து எழுதினாற் போதும். கால்நடை வைத்திய அலுவலகமும் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் இணைந்தால் இது பெரும் செலவன்று. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அமைந்திருக்கிறது. அங்குள்ள அறிஞரின் துணையும் இப்பணிக்குக் கிடைக்கக்கூடியதே.

இரண்டாவது, பங்கு. ஒரு திடலின் முதற் பரிசு ஓர் இலட்சம் ரூபா என வைத்துக்கொள்வோம். அதிற் பத்திலொரு பங்கு பத்தாயிரம். சோடி மாடுகள் இரண்டாதலின், ஒவ்வொரு மாட்டையும் பிறப்பித்து வளர்த்தவருக்கு ஐயாயிரம். இத்தொகையைப் பரிசளிப்பு மேடையிலேயே பெயர் கூறி அழைத்து வழங்க வேண்டும். வென்றவருக்கு இதனாற் பெருங்குறை இல்லை. ஒரு பசுவை நம்பி வாழும் குடும்பத்துக்கோ ஐயாயிரம் சிறு தொகையன்று. அதனினும் பெரிது மேடையிற் கிடைக்கும் மதிப்பு. இன்னாருடைய பசுவின் கன்று வென்றது என்று ஊரறிந்தால், அப்பசுவின் அடுத்த கன்றுக்கு விலை தானே உயரும். பரிசுப் பங்கு ஒருமுறை வருவது. ஏறிய விலை ஆண்டுதோறும் வருவது.

மூன்றாவது, வன்னியிற் பிறந்து பதிவு பெற்ற நாட்டு மாடுகளுக்கெனச் சவாரியில் ஒரு தனிப் பிரிவு. மாடுகளைத் தரம்பிரித்து ஓடவிடும் வழக்கம் ஏற்கெனவே உள்ளதாதலின், இன்னொரு பிரிவைச் சேர்ப்பது அரிதன்று.

நான்காவது, ஓர் எல்லை. ஓர் ஆண்டிலே ஒருவர் பெறக்கூடிய பங்குக்கு வரம்பு இருத்தல் வேண்டும். இன்றேற் பணமுள்ளவர் நல்ல பசுக்களையெல்லாம் வாங்கிக் குவிப்பர். அயர்லாந்தின் கதை இங்கேயும் நிகழும். ஊக்கம் எளியவரைச் சேர வேண்டுமாயின், அதனை விதியிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

சிலர் மறுப்புக் கூறுவர். வாயில்லாச் சீவனைத் துன்புறுத்தும் விளையாட்டுக்கு ஊக்கமா என்பர். இம்மறுப்பைத் தட்டிக்கழித்தல் முறையன்று. ஆணி பொருத்திய தடியாற் குத்துவதும், வாலைக் கடிப்பதும், வெறியூட்டும் பொருள்களைக் கொடுப்பதும் எந்தப் பெயராலும் நியாயமாகா. விலங்குகளைக் கொடுமைப்படுத்துதலைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டிலே 1907ஆம் ஆண்டு முதல் உண்டு. மாட்டின் உடலிலே குருதிக்காயம் காணப்பட்டாற் பரிசு இல்லை, வளர்த்தவர் பங்கும் இல்லை என்று விதித்தால், தம் பட்டியிலே பிறந்த மாட்டுக்கு நேரும் தீங்கை வளர்த்தவரே முதலிற் கண்டிப்பார். பங்கு கொடுப்பதன் மூலம் மாட்டுக்கு ஒரு காவலரையும் தேடிக்கொடுத்தவராவோம்.

வேறு சிலர், அரசாங்கப் பணத்தை ஓட்டப் போட்டியிலே செலவிடலாமா என்பர். இங்கே கேட்பது திறைசேரிப் பணமன்று; பரிசுப் பணத்திலிருந்தும் நுழைவுக் கட்டணத்திலிருந்தும் ஒரு சிறு பகுதியே. அரசாங்கத்திடம் கேட்கவேண்டியது ஏடும், காதுத் தகடும், ஓர் உத்தியோகத்தரின் கையொப்பமும் ஆகும்.

ஒன்றை மட்டும் அரசாங்கமே செய்ய வேண்டும். அது மேய்ச்சற்றரை. கொங்கு நாட்டிலே காங்கேய மாட்டை வாழவைப்பது கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். கிளுவை வேலியிட்டு, வெள்வேல் மரம் நிறுத்தி, கொழுக்கட்டைப் புல் வளர்த்த நிலம் அது. அங்குள்ள குடியானவரின் சொந்தமும் ஆகும். வன்னியில் அவ்வழக்கம் இல்லை. குளத்தின் அலைகரையும், தரவையும், காட்டோரமுமே மாட்டுக்குப் புகலிடம். வயல் விதைத்ததும் மாடு ஊரைவிட்டு வெளியேற வேண்டும். வெளியேறினாற் போக இடம் வேண்டும். காட்டெல்லைகளும் ஒதுக்கங்களும் வரையப்படும்போது, பட்டி மாட்டுக்கென ஒரு பங்கு நிலம் குறிக்கப்படாவிடின், எத்தனை பரிசு வழங்கினும் பயனில்லை. பணம் புல்லாக மாட்டாது.

பாண்டியர் காலத்திலே பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கினர், வளர்ப்பை எண்ணவில்லை. ஒல்லாந்தர் காலத்திலே குதிரையை வளர்த்தனர். வளர்த்த மண்ணின் மக்களை எண்ணவில்லை. இரண்டும் நிலைக்கவில்லை. வன்னியின் சவாரி மாடு இன்னும் உயிரோடு நிற்கிறது. அதனை ஈன்ற பசுவும் ஏதோவொரு பட்டியிலே நிற்கிறது. அப்பசுவுக்குரியவர் அதனை விற்றுவிடுவதா, வைத்திருப்பதா என்பதை நாள்தோறும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த சவாரியை ஒழுங்குசெய்யும் சங்கம் எதுவாயினும், பரிசுப் பட்டியலின் கீழே ஒரு வரியைச் சேர்க்கட்டும்: வென்ற மாட்டை வளர்த்தவருக்குப் பத்திலொரு பங்கு. அந்த ஒரு வரியைக் கேள்வியுற்ற பின்னர், பசுவுக்குரியவர் தம் முடிவை இன்னொருமுறை எண்ணிப் பார்ப்பார்.